பிள்ளைக்கு நாய்க்குட்டி கொடுக்கலாமா?

பாடசாலை விட்டு வந்த பிள்ளையின் புத்தகப்பையிலிருந்து மெல்லிய முனகல் ஒன்று கேட்கிறது. தாய் திறந்து பார்க்கிறாள். கொப்பிகளுக்கு நடுவே, மழையில் நனைந்த ரோமத்துடன், கண் திறந்து சில நாள்களே ஆன ஒரு நாய்க்குட்டி! சந்தை மதிலோரத்தில், கடதாசிப் பெட்டியொன்றில் யாரோ விட்டுச் சென்ற குட்டிகளுள் ஒன்று. “அம்மா, நானே சோறு வைப்பேன், நானே குளிப்பாட்டுவேன், உங்களுக்கு ஒரு வேலையும் வராது” என்று பிள்ளை வாக்குறுதிகளை அடுக்குகிறது.

அக்கணமே வீடு ஒரு நீதிமன்றமாகி விடுகிறது. “வளவுக்குக் காவலாயிருக்குமே” என்கிறார் அப்பா. “சாமியறைப் பக்கம் வந்தால் நான் பொறுக்கமாட்டேன்” என்கிறார் அப்பம்மா. தாயோ ஒன்றும் பேசவில்லை. நாளைக் காலை முதல் தனது பொறுப்பில் இன்னுமொரு வாய் வந்து சேரப்போவதை அவள் ஒருத்தியே அறிவாள்.

இத்தகைய வேளைகளிற் பெற்றார் கூறும் விடைகள் பெரும்பாலும் இரண்டு. பிள்ளையின் கண்ணீருக்கு இளகி உடனே “சரி” என்பது ஒன்று. “படிக்கிற பிள்ளைக்கு நாய் எதற்கு?” என்று அதட்டிவிடுவது மற்றையது. இரண்டுமே அவசரத்திற் பிறந்தவை. ஒரு நாயை ஏற்றுக்கொள்வதற்கு நம் பிள்ளைகள் ஆயத்தமாயிருக்கிறார்களா என்பதை ஆறுதலாகச் சோதித்தறிய வழியுண்டு. அவ்வழியையே இங்கு நோக்குவோம்.

நாம் செய்த பிழை

நாம் சிறுவராயிருந்த காலத்தில் எமது வளவுக்கும் ஒரு குட்டி வந்து சேர்ந்தது. கபில நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. அதற்குப் பெயர் சூட்டுவதற்காகச் சகோதரருக்குள் ஒரு நாள் முழுவதும் வழக்காடினோம். முதற் கிழமை முழுவதும் அதனைத் தரையில் விட்டவர் இல்லை. இரண்டாம் மாதம் பாடசாலைச் சோதனை வந்தது. குட்டியும் வளர்ந்து செருப்புகளைக் கடித்தது, கோழிகளைத் துரத்தியது. கிணற்றடித் தென்னையிற் சங்கிலியாற் கட்டினோம். அதன் பின்பு அதனிடம் சென்றவர் சோறு வைக்கும் அம்மா மாத்திரமே. தனிமையில் அது குரைத்தது. குரைத்தமையால் எல்லோரும் அதனை வெறுத்தனர்.

ஒருநாள் பாடசாலை விட்டு வந்தபோது சங்கிலி மாத்திரம் தென்னையடியிற் கிடந்தது. “நல்ல இடமொன்றில் விட்டுவிட்டு வந்தேன்” என்றார் அப்பா. அந்த நல்ல இடம் எதுவென்று நாம் கேட்கவில்லை. கேட்பதற்கு எமக்கு வாயுமில்லை. பெயர் வைத்தவர் நாம், கட்டி வைத்தவர் நாம், மறந்தவரும் நாமே.

அப்பாவைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. எமது வீட்டிற் கொடியவர் எவரும் இருந்ததில்லை. ஆனால் தொடக்கத்திற் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டவரும் எவரும் இருந்ததில்லை. இன்று தெருவோரங்களில் ஒட்டிய வயிற்றுடன் திரியும் நாய்களுட் பலவும் ஒரு காலத்தில் யாரோ ஒரு பிள்ளை பெயர் வைத்துக் கொஞ்சிய குட்டிகளே.

பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு

பெற்றார் முதலிற் செய்ய வேண்டியது ஒரு சிறு கணக்கு. நன்கு பராமரிக்கப்படும் நாயொன்று பத்து முதற் பதின்மூன்று ஆண்டுகள் வரை வாழும். எட்டு வயதுப் பிள்ளையின் கையிற் கொடுக்கும் குட்டி, அப்பிள்ளை இருபது வயதை எட்டும்போது முதுமையடைந்து கண் மங்கிக் கிடக்கும். இடையிலோ புலமைப்பரிசிற் பரீட்சை, சாதாரண தரம், உயர்தரம், பல்கலைக்கழகம் எல்லாம் வந்து போய்விடும். பிள்ளை கொழும்புக்கோ கண்டிக்கோ கடல் கடந்தோ படிக்கப் போனபின் படலையடியிற் காத்திருக்கும் அந்த நாய்க்கு யார் சோறு வைப்பார்? இக்கேள்விக்கு “நாம் வைப்போம்” என்று பெற்றார் மனமொப்பிக் கூற முடியுமாயின் மேலே செல்லலாம். முடியாதாயின், பிள்ளையின் ஆயத்தத்தைச் சோதிக்குமுன் நமது ஆயத்தத்தையே சோதிக்க வேண்டியவராகின்றோம்.

மனிதனுக்கும் நாய்க்கும் இடையேயுள்ள உறவு மிகப் பழையது. ஜேர்மனியில் பொன் நகரத்தை அடுத்த ஒபர்காசல் என்னுமிடத்தில் 1914 ஆம் ஆண்டு கல்லுடைக்கும் தொழிலாளர் ஒரு பழைய புதைகுழியைக் கண்டனர். சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்குழியில் ஓர் ஆண், ஒரு பெண் ஆகியோரின் எலும்புகளோடு ஒரு நாய்க்குட்டியின் எலும்புகளும் இருந்தன. அதன் பற்களைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், அக்குட்டி ‘டிஸ்டெம்பர்’ என்னும் கொடிய நோயாற் பல வாரங்கள் வருந்தியிருக்க வேண்டுமென்றும், மனிதரின் இடையறாத பராமரிப்பு இல்லாவிடின் அவ்வளவு காலம் பிழைத்திருக்க முடியாதென்றும் முடிவு செய்தனர். வேட்டைக்கும் உதவாத, காவலுக்கும் உதவாத நோயாளிக் குட்டியொன்றுக்கு அந்த ஆதி மனிதர் நீரூட்டிச் சூடேற்றிக் காத்திருக்கின்றனர். நாய் வளர்த்தல் என்பதன் பொருள் இதுவே. பயன் தராத நாளிலும் கைவிடாதிருக்க முடியுமா என்பதே நாம் நம் பிள்ளைகளிடத்துக் காண வேண்டிய தகுதி.

ஆசை வேறு, ஆயத்தம் வேறு

குட்டியைக் கண்டதும் மகிழாத பிள்ளை அரிது. ஆதலின் ஆசையைக் கொண்டு ஆயத்தத்தை அளவிடல் ஆகாது. பிள்ளையின் அன்றாட நடத்தையிற் காணப்படும் சில அடையாளங்களையே நோக்க வேண்டும். “தொடாதே” என்றால் கையை எடுத்துக்கொள்கிறதா? தம்பியோ தங்கையோ அழும்போது விளையாட்டை நிறுத்துகிறதா? தனது சீருடையையும் காலணியையும் இரவே எடுத்து வைக்கிறதா? கோபம் வந்தாற் பொருள்களை வீசியெறிகிறதா? பூனையைக் கண்டாற் கல்லைத் தேடுகிறதா, சற்றுத் தள்ளி நின்று பார்க்கிறதா? இவற்றின் விடைகள் பிள்ளை தரும் வாக்குறுதிகளினும் நம்பத்தக்கவை.

வயதும் முக்கியமானது. ஐந்து, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளை நாயை ஓர் உயிராகவும் விளையாட்டுப் பொருளாகவும் மாறி மாறிக் காணும். காதை இழுப்பது துன்பமென்பதை அது இன்னும் அறியாது. அவ்வயதுப் பிள்ளையையும் நாயையும், அந்நாய் எவ்வளவு சாதுவானதாயினும், ஒரு கணமேனும் தனியே விடலாகாது. ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளை தண்ணீர் மாற்றலாம். பெரியவர் அருகில் நிற்க ரோமம் வாரிவிடலாம். பத்து, பன்னிரண்டு வயதில் வேளைக்கு உணவு வைக்கவும், பெரியவருடன் கூடச் சங்கிலி பிடித்து நடக்கவும் பழகலாம். எந்த வயதிலும் முழுப் பொறுப்பைப் பிள்ளையின் தலையிற் சுமத்துதல் நீதியாகாது. பிள்ளை உதவியாளர்; நாயின் உரிமையாளர் பெற்றாரே.

முப்பது நாள் தேர்வு

எமது பிள்ளைகள் இருவரும் நாய்க்குட்டி கேட்டு நின்றபோது, அந்தப் பழைய சங்கிலி எம் நினைவுக்கு வந்தது. மூத்தவளுக்கு அப்போது பத்து வயது, இளையவனுக்கு எட்டு. “முப்பது நாள் பொறுங்கள், குட்டி இல்லாமலே குட்டி வளர்த்துக் காட்டுங்கள்” என்றோம்.

விதிகள் மிகவும் இலகுவானவை. முற்றத்து மாமரத்தடியில் ஒரு மண்சட்டி வைக்கப்படும். காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் அதனைக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். காகமும் அணிலும் வந்து குடிக்கும், நன்றி கூறமாட்டா. மாலையில் வளவைச் சுற்றி இருபது நிமிடம் நடக்க வேண்டும்; மழையானாற் குடை பிடித்து நடக்கலாம். நாய் அசுத்தம் செய்யக்கூடிய முற்றத்து மூலையை நாள்தோறும் கூட்ட வேண்டும். செய்து முடித்ததை நாட்காட்டியில் தாமே குறிக்க வேண்டும். பெற்றாருக்கும் ஒரு விதியுண்டு. என்ன நேர்ந்தாலும் ஞாபகமூட்டலாகாது. இவ்விதியே எல்லாவற்றிலும் கடினமானது.

முதல் ஐந்து நாளும் திருவிழாப் போலிருந்தது. பத்தாம் நாள் நடை பத்து நிமிடமாகச் சுருங்கியது. பதினோராம் நாள் அயல் வீட்டிற் கலியாணம். சட்டி வறண்டு கிடந்தது. நாவின் நுனிவரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு பேசாதிருந்தோம். பிற்பகலில் அணிலொன்று வந்து சட்டியின் விளிம்பில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனது. கலியாண வீட்டிலிருந்து அப்போதுதான் திரும்பிய மூத்தவள் அதனைக் கண்டாள். சிறிது நேரம் அப்படியே நின்றாள். பின்பு, “அணில் வேறு இடத்துக்குப் போகும். கட்டியிருக்கிற நாய் எங்கே போகும், அம்மா?” என்று கேட்டாள். அவள் கேட்டதை நாம் ஒரு மணி நேரம் பிரசங்கித்தாலும் கற்பித்திருக்க முடியாது.

அன்று மாலை இருவரும் தாமாகவே நாட்காட்டியிலிருந்த குறிகளையெல்லாம் அழித்துவிட்டு முதல் நாளிலிருந்து தொடங்கினர். காலை வேலை மூத்தவளுக்கு, மாலை வேலை இளையவனுக்கு என்று தமக்குள்ளே பங்கிட்டும் கொண்டனர். இம்முறை முப்பது நாளும் நிறைந்தன. குட்டியும் வந்தது. இன்றும் மாதத்தில் இரண்டொரு நாள் அதன் தண்ணீர்ச் சட்டியை நிரப்புவது நாமே என்பதையும் மறையாது கூறிவிடுகிறோம். பிள்ளைகள் பிள்ளைகளே, அதை எதிர்பார்த்தே நாமும் சம்மதித்தோம்.

நாயின் மொழி

குட்டி வருமுன்பே பிள்ளை கற்க வேண்டிய பாடமொன்றுண்டு. நாய் பேசாதெனினும் தன் உடம்பாற் கூறிக்கொண்டேயிருக்கும். காதைப் பின்னே மடித்தல், உணவில்லாதபோதும் உதட்டை நக்குதல், தூக்கமில்லாதபோதும் கொட்டாவி விடுதல், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தல் என்பன “என்னை விடு” என்பதன் அடையாளங்கள். உடல் விறைத்து, வால் நிமிர்ந்து, உறுமல் எழுமாயின் அது இறுதி எச்சரிக்கை. வாலாட்டும் நாயெல்லாம் மகிழ்ச்சியாயிருக்கிறதென்று எண்ணுவதும் தவறு. விறைத்த உடம்போடு வாலை ஆட்டும் நாய் கடிக்கவும் கூடும். உறுமும் நாயை அடித்து அடக்கினால், அது எச்சரியாமலே கடிக்கப் பழகிவிடும்.

பிள்ளைகளைக் கடிப்பன பெரும்பாலும் அவர்கள் அறிந்த நாய்களே. சிறு பிள்ளையின் முகம் நாயின் வாய்க்கு நேரே இருப்பதால், காயம் முகத்திலும் தலையிலுமே அதிகம் ஏற்படுகிறது. ஆதலின் உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டி ஈன்ற நாயையும் நெருங்கலாகாது. கட்டியணைத்து முகத்தோடு முகம் வைத்தலும் ஆகாது. அந்நிய நாய் ஓடிவந்தால் ஓடாமல், கத்தாமல், கைகளைத் தொங்கவிட்டு மரம்போல் அசையாது நிற்க வேண்டும். இவற்றை வீட்டில் ஒரு விளையாட்டாகவே நடித்துப் பழக்கலாம்.

நோயும் காவலும்

நம் நாட்டில் நாய் என்றதும் பெற்றார் மனத்தில் எழும் அச்சம் விசர்நாய்க்கடி. அவ்வச்சம் காரணமற்றதன்று. நீர்வெறுப்பு நோயின் அறிகுறிகள் தோன்றிய பின்பு அதற்கு மாற்று இல்லையென்றே கூறலாம். ஆயினும் அறிகுறி தோன்றுமுன் தடுப்பது இயலும். 1885 ஆம் ஆண்டு ஜூலை 6 ஆம் நாள் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர், விசர்நாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தமது தடுப்பு மருந்தை ஏற்றுவித்தார், சிறுவன் பிழைத்தான். இலங்கையில் 1973 ஆம் ஆண்டில் 377 பேர் இந்நோயால் இறந்தனர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் இயக்கங்களாலும் கடியுண்டோருக்கான சிகிச்சையாலும் அண்மைய ஆண்டுகளில் இத்தொகை ஐம்பதுக்கும் கீழே இறங்கியுள்ளது. எஞ்சியுள்ள மரணங்களும் தவிர்க்கக்கூடியனவே.

நாய் கடித்தால், அல்லது நகத்தாற் கீறினாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். அங்கே சிகிச்சை இலவசம். மஞ்சளும் கோப்பித்தூளும் மருந்தாகா. கடித்த நாயைக் கொன்றுவிடாமல் 14 நாள் கண்காணிப்பதும் அவசியம். இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. ஏச்சுக்கு அஞ்சியும், நாயைக் கொண்டுபோய் விடுவார்களோ என்று அஞ்சியும் பிள்ளைகள் கடியை மறைப்பதுண்டு. “கடித்தாற் சொல், உன்னையும் ஏசமாட்டோம், நாயையும் அடிக்கமாட்டோம்” என்று முன்கூட்டியே வாக்களித்து விடுங்கள். அவ்வாக்கு ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

குட்டிக்கு ஆண்டுதோறும் நீர்வெறுப்புத் தடுப்பூசி ஏற்ற வேண்டும். டிஸ்டெம்பர், பார்வோ ஆகிய நோய்களுக்கான ஊசிகளையும் மிருக வைத்தியர் குறிக்கும் நாளில் தவறாது ஏற்ற வேண்டும். பார்வோ நோய் சிறு குட்டியைச் சில நாள்களிலேயே கொன்றுவிடும். குட்டிகளின் வயிற்றுப்புழு மண் வழியாகப் பிள்ளைகளையும் பற்றக்கூடும். ஆதலின் குட்டிக்கு வேளைக்குப் பூச்சிமருந்தும், பிள்ளைக்கு உணவுக்குமுன் கை கழுவும் பழக்கமும் வேண்டும்.

வீட்டார் அனைவரும்

நாய் ஒரு பிள்ளையின் கையிற் கொடுக்கப்பட்டாலும் வாழப்போவது வீட்டார் அனைவருடனுமே. ஆதலின் எல்லோரையும் முற்றத்தில் இருத்திப் பேச வேண்டிய விடயங்கள் சிலவுண்டு.

அப்பம்மாவின் சொல்லை அற்பமாகத் தள்ளிவிடலாகாது. நாய் எந்த வாசல் வரை வரலாம், எங்கே படுக்கும் என்பதை முதல் நாளே வரையறுத்தால், நாயும் எளிதிற் பழகிக்கொள்ளும். வயிரவரின் வாகனம் நாயே என்பதைப் பெரியவர்களுக்குப் பணிவோடு நினைவூட்டினால், அவர்கள் மனமும் சற்றே இளகும்.

உணவுக் கணக்கும் பார்க்க வேண்டும். இரண்டு மாதக் குட்டிக்கு நாளொன்றுக்கு மூன்று, நான்கு முறை உணவு வேண்டும். மிஞ்சிய குழம்பும் சோறும் போதுமென்று எண்ணலாகாது. நம் கறிகளிலுள்ள வெங்காயம் நாய்க்கு நஞ்சு. சொக்கலேற்றும் முந்திரிகை வற்றலும் அத்தகையனவே. சமைத்த கோழியெலும்பு சிராய் சிராயாக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழித்துவிடும். நல்லூர்க் கந்தன் திருவிழா நடைபெறும் 25 நாள்களும் மச்சம் புகாத வீடுகளில் நாய்க்கு என்ன உணவென்பதையும் முன்பே தீர்மானியுங்கள். உணவைத் திடீரென மாற்றினால் அதன் வயிறு தாங்காது. தீபாவளியன்றும் சித்திரைப் புத்தாண்டன்றும் வெடியோசைக்கு அஞ்சி நடுங்கும் நாயை உள்ளறையில் வைத்து அருகில் ஒருவர் இருக்க வேண்டும். அந்நாள்களிலேயே பல நாய்கள் வேலி பாய்ந்து காணாமற் போகின்றன. வெள்ளவத்தை மாடிவீட்டிற் குடியிருப்போர் வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதத்தை முதலிற் பெறவேண்டும்.

எந்த இனம் என்ற கேள்வியில் ஆடம்பரம் வேண்டாம். அடர்ந்த ரோமமுள்ள குளிர்நாட்டு நாய்கள் நமது வெயிலில் வருந்தும். நம் ஊர்நாய் இம்மண்ணுக்குப் பழகியது, அறிவிலும் குறைந்ததன்று. ஆணோ பெண்ணோ, குட்டியை எட்டு வாரத்துக்குமுன் தாயினின்றும் பிரிக்கலாகாது. அனாதையாகக் கிடைத்த குட்டியாயின், அன்றே மிருக வைத்தியரிடம் காட்டுவதே முறை.

சந்தை மதிலோரத்துக் கடதாசிப் பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் பெட்டைக் குட்டிகளே. நாய் சுமார் 63 நாளிற் குட்டி ஈனும். ஆண்டில் இருமுறையும் ஈனக்கூடும். 2006 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டிற் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் கைவிடப்பட்டது. தடுப்பூசியும் கருத்தடையுமே இப்போதுள்ள வழிகள். ஆகவே பெட்டை நாயை வளர்ப்போர் மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி கருத்தடைச் சிகிச்சை செய்விப்பாராயின், அடுத்த பெட்டி மதிலோரத்துக்கு வராது.

“இப்போது வேண்டாம்”

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தபின், “இப்போது வேண்டாம்” என்பதே சில வீடுகளின் விடையாக இருக்கும். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் அவ்விடையை அதட்டலாகக் கூறாமற் காரணத்தோடு கூறுங்கள். “உனக்குத் தகுதியில்லை” என்னாமல், “நாம் இருவரும் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போய்விடுகிறோம், பகல் முழுவதும் அது தனித்திருக்கும், அடுத்த ஆண்டு மீண்டும் பேசுவோம்” என்று கூறினாற் பிள்ளை விளங்கிக்கொள்ளும். அடுத்த ஆண்டு வந்ததும் மறவாது பேசவும் வேண்டும். அதுவரை மாமரத்தடிச் சட்டி இருக்கிறது; அயல் வீட்டு நாயை மாலையிற் சிறிது நேரம் கவனிக்கலாம்; மழைக்கு ஒதுங்கிய தெருநாய்க்குப் பெரியவர் மூலம் ஒரு பிடி சோறு வைக்கலாம்.

பாரதக் கதையின் இறுதியில், தருமர் சுவர்க்க வாயிலை அடைந்தபோது, தம்மைத் தொடர்ந்து வந்த நாயை வெளியே விட்டு உட்புக மறுத்தார். நம்பி வந்ததைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. நம் பிள்ளைகளிடம் அவ்வளவு பெரிய தியாகத்தை நாம் கேட்கவில்லை. காலை ஆறு மணிக்கு எழுந்து ஒரு சட்டித் தண்ணீர் நிரப்புவாயா, மழையிலும் நிரப்புவாயா, அயலிற் கலியாணம் என்றாலும் நிரப்புவாயா என்றே கேட்கிறோம்.

நிரப்பும் பிள்ளையின் கையில் நாய்க்குட்டியை நம்பிக் கொடுக்கலாம். அக்குட்டியின் தென்னையடியில் ஒருபோதும் வெறுஞ் சங்கிலி கிடவாது.